ஒரு கை இல்லாத சூலக்குறி

பேர்கனில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு பின்னேரம், நான் கைத்தொலைபேசியில் ஒரு மாட்டின் பின்தொடையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபத்து நாலு வயதில் ஒரு மனுசி செய்கிற வேலையா என்று நீங்கள் கேட்கலாம். என் மகன் குகனும் அதைத்தான் கேட்டான்.

யூரியூப்பில் ஒரு இளந்தாரி புங்குடுதீவின் ஆளில்லாத வீடுகளைக் காட்டிக்கொண்டு போனான். "பயங்கரமா இருக்கு மக்களே! உலகம் அழிஞ்ச பிறகு இப்பிடித்தான் இருக்கும் மக்களே!" என்று மூச்சு வாங்கினான். அவனுடைய கமெரா ஒரு பெரிய கல்வீட்டின் ஹோலுக்குள் திரும்பியது. சோபா போட்டிருக்க வேண்டிய இடத்தில் ஐந்தாறு மாடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. ஒன்று எழும்பி எங்களுக்குப் பின்பக்கத்தைக் காட்டியது. அதன் தொடையில் சூலக்குறி. நடுக் கையும் வலக் கையும் இருந்தன. இடக் கை இல்லை.

அது எங்கள் வீட்டுக் குறி. தீவுப் பக்கம் மாடு வைத்திருப்பவர்கள் எல்லோரும் கம்பியைப் பழுக்கக் காய்ச்சித் தங்கள் தங்கள் குறியைச் சுட்டு வைப்பார்கள். எங்கள் குறிக்கம்பியின் இடப்பக்கத்துக் கை ஒருநாள் கல்லில் பட்டு முறிந்துபோனது. ஒட்டுவித்துக்கொண்டு வாருங்கள் என்று நான் எத்தனையோ தரம் சொன்னேன். "இப்ப எங்கட மாட்டை ஆரும் மாறிக் கொண்டுபோக மாட்டினம்" என்று இவர் சிரித்துச் சமாளித்துவிட்டார். இவர் என்றால் என் கணவர்.

வீடியோவில் நின்றது மூன்று நான்கு வயது மதிக்கத்தக்க பசு. நாங்கள் ஊரை விட்டு வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அப்படியானால் எங்கள் கம்பி இப்போதும் யாரோ ஒருவர் கையில் இருக்கிறது.

இந்த இடத்தில் நான் செய்த மடைவேலையைச் சொல்லிவிட வேண்டும். அப்போது நாங்கள் சரவணையில் இருந்தோம். சண்டை வந்து செல் குண்டுகள் விழத் தொடங்கியதும் ஊர் முழுக்கக் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு, வள்ளம் ஏறி அராலிப் பக்கம் போனது. மற்றவர்கள் மாட்டை அவிழ்த்துவிட்டு ஓடினார்கள். நான் கட்டிவிட்டு ஓடினேன். இரண்டு நாளில் திரும்பி விடுவோம், அதற்குள் அவிழ்த்துவிட்ட மாடு அயலாரின் கத்தரித் தோட்டத்தை மேய்ந்து வைத்தால் யார் பேச்சுக் கேட்பது என்று யோசித்தேன். ஐந்து மாட்டையும் இறுக்கிக் கட்டி, தொட்டியில் தண்ணீர் நிரப்பி, படலையைக் கம்பியால் சுற்றி முறுக்கிவிட்டு வந்தேன். உலகம் தலைகீழாகப் புரண்டபோது கத்தரிக்காயைப் பற்றிக் கவலைப்பட்ட மனுசி நான்.

மூன்றாம் நாள் நான் புலம்பத் தொடங்கினேன். தண்ணீர் முடிந்திருக்கும், வாயில்லாச் சீவன்கள், கட்டிய இடத்திலேயே நாக்கு வறண்டு சாகப்போகுதுகள் என்று இவரைப் பிய்த்துத் தின்றேன். "சரி, போய் அவிட்டுவிட்டிட்டு வாறன். நீ வாயை மூடு" என்றார். அதுதான் என்னோடு கடைசியாகப் பேசியது. வேலணைக் கரையில் இறக்கிவிட்டதாக வள்ளக்காரர் சொன்னார். அதற்கு மேல் ஒரு தகவலும் இல்லை. உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பது ஒரு கேள்வி. நான் அனுப்பிய காரியத்துக்காவது போய்ச் சேர்ந்தாரா, அல்லது பாதிவழியில் ஒன்றுக்குமில்லாமல் போய்விட்டாரா என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவதுதான் என்னை அதிகம் தின்றது. அனுப்பியது நானல்லவா.

"அம்மா, ஆரும் அந்தக் கம்பியைக் கண்டெடுத்திருப்பினம். உங்களுக்கு விசர்" என்றான் குகன். நான் நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். முருகன் மன்னிப்பார், அவருக்கும் குடும்பப் பிரச்சினை தெரியும்.

முதல் நாள் காலை யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் ஒரு மீன் றோல்ஸும் பிளேன்ரீயும் எடுத்துக்கொண்டேன். றோல்ஸுக்குள் மிளகாய் அப்படியே முழித்துப் பார்த்தது. பேர்கனில் நாங்கள் பேரப்பிள்ளைகளுக்காக மிளகாயைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் உருளைக்கிழங்குச் சமாதி மாதிரி ஒன்றைச் சாப்பிடுகிறோம். கண்ணில் தண்ணீர் வர வர இன்னொன்று வாங்கினேன்.

குறிகாட்டுவான் போகிற பஸ்ஸில் பாதிப்பேர் நயினாதீவு விகாரைக்குப் போகிற சிங்களச் சனம். வெள்ளைச் சேலை கட்டிய, என் வயது அம்மா ஒருவர் பக்கத்தில் இருந்தார். அவர் என்னைப் பார்த்து ஏதோ கேட்க, எனக்கு விளங்கவில்லை. கொண்டக்டர் மொழிபெயர்த்தார்.

"தனியவோ போறியள், பிள்ளையள் இல்லையோ எண்டு கேக்கிறா."

"பிள்ளைக்குத் தெரியாமல்தான் வந்தனான் எண்டு சொல்லும்."

அவர் சொன்னதும் அந்தக் குடும்பம் முழுக்கக் குலுங்கிச் சிரித்தது. அந்த அம்மா என் கையில் பாதித் தோடம்பழத்தை வைத்து அழுத்தி, நீளமாக ஏதோ சொன்னார். "தானும் அப்பிடித்தான் ஒருக்கா வந்தவவாம். சண்டையிலை காணாமல் போன மகனைத் தேடி" என்றார் கொண்டக்டர். பிறகு எங்கள் இருவருக்கும் பேச மொழி தேவைப்படவில்லை. பண்ணைக் கடல் வீதி முழுவதும் தோடம்பழம் சாப்பிட்டுக்கொண்டு போனோம்.

மழை மாதக்கணக்காக இல்லை. மண்கும்பானில் மணல் வீதிக்கு மேல் ஏறிக் கிடந்தது. காற்று அதைத் தூக்கித் தூக்கி யன்னலுக்குள்ளே கொட்டியது. பல்லுக்குள் நறநறவென்றது. பனைகள் நின்றன, சிலவற்றுக்குத் தலை இல்லை. தலை இல்லாத பனை ஒரு தூண்தான், அதன் மேல் பருந்து இருந்தது.

வேலணையில் இறங்கி ஓட்டோ பிடித்துச் சரவணைக்குப் போனேன். வீட்டைக் கண்டுபிடிக்கவே அரை மணித்தியாலம் பிடித்தது. சுவர் இருந்தது, கூரை இல்லை. மாட்டுக்கொட்டில் நின்ற இடத்தில் ஈச்சம்பற்றை. தொட்டியை யாரோ பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். படலைத் தூண் இரண்டும் நின்றன, படலை இல்லை. அது திறந்து போனதா, உடைந்து போனதா, உக்கிப் போனதா? தூணைச் சுற்றிச் சுற்றி வந்தேன். தடவிப் பார்த்தேன். தூணிடம் கேட்டால் என்ன சொல்லும்? ஓட்டோக்காரர் கோர்ன் அடிக்கத் தொடங்கினார், நான் ஏறிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் புங்குடுதீவு. வேலணையிலிருந்து அங்கே போகக் கடலுக்குக் குறுக்கே நீளமான தாம்போதி ஒன்று இருக்கிறது. சரியாக அதன் நடுவில் பஸ் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.

"றேடியேற்றர் கொதிச்சிட்டுது. ஆறட்டும்" என்று சொல்லிவிட்டு டிரைவர் பஸ்ஸின் நிழலில் இருந்து மாங்காய் வெட்டினார். எங்கள் ஊரில், பேர்கனைச் சொல்கிறேன், பஸ் நாலு நிமிடம் பிந்தினால் பலகையில் மன்னிப்பு எழுதுவார்கள். இங்கே டிரைவர் எனக்கொரு துண்டு மாங்காய் நீட்டினார், உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு. எது திறம் என்று நான் இன்னும் முடிவெடுக்கவில்லை.

ஒரு மணித்தியாலம் ஆகியும் ஆறவில்லை. அக்கரை தெரிந்தது. நடந்தால் என்ன என்று எனக்குள் ஒரு திமிர் எழும்பியது. "அன்ரி, வெய்யில் ஆளைக் கொல்லும்" என்று டிரைவர் கத்தக் கத்த, குடையை விரித்துக்கொண்டு நடந்தேன்.

இரண்டு பக்கமும் கடல் வற்றி உள்ளே போயிருந்தது. அது விட்டுப்போன சேறு வெடித்து, வெடிப்புக்குள் உப்புப் பூத்து, கண்ணுக்கு எட்டியவரை வெள்ளை. ஒரு கரைவலைத் தடி மட்டும் நட்டபடி நின்றது. ஒரு சத்தம் இல்லை. என் செருப்புச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. பயமாக இருந்தது என்று சொல்லத்தான் வேண்டும். ஆனால் நின்று பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. இவ்வளவு பெரிய வெறுமையை நான் வாழ்நாளில் கண்டதில்லை, வாயைத் திறந்துகொண்டு நின்றேன்.

தாம்போதி முடிந்து மடத்துவெளியில் ஏறினால் வீடுகள். அம்மாடி, என்ன வீடுகள்! கொழும்பில் கடை வைத்துச் சம்பாதித்தவர்கள் கட்டியவை. தூண்கள், வளைவுகள், சீமெந்தில் செய்த மயில்கள். கூரையைப் பிளந்துகொண்டு ஆலமரம் நின்றது. கழிவறைச் சுவர் விழுந்து, கொமேட் மட்டும் வெளியில் அரசன் மாதிரி இருந்தது. ஒரு குசினியில் புகைக் கறுப்பு இன்னும் சுவரில் இருந்தது. விரலால் தொட்டேன், ஒட்டியது. எந்த வீட்டுச் சமையலின் புகையோ, ஆட்கள் எந்த நாட்டில் இருக்கிறார்களோ! போகன்விலா மட்டும் ஒருவரும் தண்ணீர் விடாமல் மதில் முழுக்கப் பூத்துத் தள்ளியிருந்தது.

ஒரு வீட்டுக்கு முன்னால் இரும்பு கேற், பூட்டுப் போட்டுப் பூட்டியபடி நின்றது. இரண்டு பக்கத்து மதிலும் விழுந்துவிட்டது. சுற்றிக்கொண்டு உள்ளே போகலாம், தடுக்க யாரும் இல்லை. ஆனாலும் நான் கேற்றுக்கு முன்னால் நின்று, "வீட்டுக்காரர்!" என்று கூப்பிட்டேன். என்ன பழக்கமோ. ஒரு அணில் எட்டிப் பார்த்தது.

ஹோலுக்குள் சாணம் இருந்தது, மாடு இல்லை. இதுதான் வீடியோவில் வந்த வீடு, நிலத்தில் பதித்த சிவப்புப் பூவை வைத்து அடையாளம் கண்டேன். சாணம் காய்ந்திருந்தது. அடுத்த வீட்டிலும் அப்படித்தான். அதற்கடுத்த வீட்டிலும் அப்படித்தான். என் போத்தலில் தண்ணீர் முடிந்தது. கிணற்றை எட்டிப் பார்த்தேன், அடியில் பச்சையாக ஒரு கையளவு, அதில் ஒரு தவளை. வேப்பமர நிழலில் இருந்தேன். தலை சுற்றியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியபோது எனக்கு அந்த ஐந்து மாடும் ஞாபகம் வந்தன. கட்டிப்போட்ட மாட்டுக்கு எப்படி இருந்திருக்கும் என்று முப்பது வருடமாக யோசித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் கொஞ்சம் தெரிந்தது.

எவ்வளவு நேரம் இருந்தேனோ, தண்ணீர் பவுசர் லொறி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. சாரதி, நாற்பது வயதுக்காரர், பேர் ரவி, தலையை வெளியே போட்டார்.

"நீங்கள் மனுசரோ, பேயோ?"

"பேய்க்குத் தண்ணி விடாய்க்குமோ தம்பி? முதல் தண்ணியைத் தாரும்."

பவுசர் குழாயில் வாய் வைத்துக் குடித்தேன், முகத்தில் ஊற்றினேன். பேர்கனில் மழையைத் திட்டிய வாயாலேயே அந்தத் தண்ணீரைக் கும்பிட்டேன். பிறகு மாட்டைப் பற்றிக் கேட்டேன்.

"சூலக்குறி மாடோ? அது கடற்கரைப் பக்கம் இருக்கிற பிலோமினா அக்கான்ர. இல்லை, தன்ர இல்லை எண்டு அவவே சொல்லுவா. எனக்கு அந்தக் கணக்கு விளங்கிறேல்லை. கோடையிலை அங்கைதான் நிக்கும். நான்தான் தண்ணி ஊத்துறனான்."

"குறி ஆர் சுடுறது?"

"அங்கை ஒரு கிழவர் இருந்தவர். அவர்தான். ரெண்டு வருசத்துக்கு முன்னம் செத்துப்போனார்."

நான் பவுசர் கதவைப் பிடித்துக்கொண்டேன். "பேர் என்ன? எந்த ஊர் ஆள்?"

"அப்பு எண்டுதான் எல்லாரும் கூப்பிடுறது. ஊர் தெரியாது அன்ரி, நான் கிளிநொச்சி. இண்டைக்குப் போக ஏலாது, அக்கா கிளினிக்குக்கு ஊர்காவற்றுறைக்குப் போயிட்டா. நாளைக்கு வாங்கோ, நானே கொண்டுபோய் விடுறன்."

அன்றிரவு யாழ்ப்பாண விடுதியில் கண் மூடவில்லை. முதலில் அழுதேன். பிறகு எனக்குக் கோபம் தலைக்கேறியது. எங்கள் வீட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் தூரத்தில் முப்பது வருடம் இருந்துகொண்டு எனக்கொரு கடிதம் போடவில்லையா? நான் வெளிநாட்டில் மீன் தொழிற்சாலையில் கை விறைக்க விறைக்க நிற்க, இவர் இங்கே எவளோ ஒருத்தியின் வீட்டில் மாட்டுக்குக் குறி சுட்டுக்கொண்டு இருந்தாரா? சவக்காலைக்குப் போய் அவருடைய குழிக்கு முன்னால் நின்று என்னென்ன கேட்பது என்று ஒவ்வொன்றாக அடுக்கி வைத்துக்கொண்டேன். அந்தக் கோபத்திலும் ஒரு சந்தோசம் இருந்தது, ஏனென்றால் அப்படியானால் அவர் செத்துப்போகவில்லை, இரண்டு வருடத்துக்கு முன்வரை மாடு மேய்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

மூன்றாம் நாள் ரவி சொன்னபடி கொண்டுபோய் இறக்கிவிட்டார். கடற்கரையில் மூன்று வீடு. அவற்றில் ஒன்றுக்குத்தான் கதவு இருந்தது. வாசலில் அறுபது வயதுப் பெண் ஒருவர் வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். அவர்தான் பிலோமினா.

"வாங்கோ அக்கா. உந்தக் கதிரையிலை இருங்கோ. ரவி சொன்னவன், பேர் தெரியாத மனுசி ஒராள் வெய்யிலுக்கை மாடு தேடித் திரியுது எண்டு."

நான் கதிரையில் இருக்கவில்லை. சுவரில் இயேசுநாதர் படத்துக்குப் பக்கத்தில் மாலை போட்ட படம் ஒன்று தொங்கியது. நேரே அதனிடம் போனேன். அகலமான முகம், பெரிய மீசை, ஒரு காது கொஞ்சம் மடிந்திருந்தது. நான் ஒருநாளும் கண்டிராத மனிதர்.

"எங்கட அப்பு" என்றார் பிலோமினா. "என்ர தகப்பன்."

இரவு முழுக்க அடுக்கி வைத்த பேச்செல்லாம் எங்கோ போய்விட்டது. கதிரையில் போய் விழுந்தேன். அவர் பதறி ஓடிவந்து விசிறினார். என் கணவர் என்று நினைத்து வந்தேன் என்றேன், முழுக் கதையையும் சொன்னேன். அவர் உள்ளே போய்ப் புட்டும் மீன் குழம்பும் கொண்டுவந்து வைத்தார். "சாப்பிடுங்கோ, பேந்து கதைப்பம்" என்றார். பக்கத்தில் ஒரு கோப்பைத் தயிர். கத்தியால் வெட்டலாம் போல அவ்வளவு கெட்டி.

"இது உங்கட மாட்டுத் தயிர்தான்" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"இஞ்சை முதல்முதல் திரும்பி வந்த ஆக்கள் நாங்கள். வரேக்கை ஒரு குருவி கூட இல்லை. மாடுகள்தான் வீடு வீடா நிண்டது. தண்ணியைத் தேடித் தாம்போதியாலை வந்திருக்குங்கள். மற்ற மாடெல்லாம் ஆளைக் கண்டால் பாயும். சூலக்குறி போட்ட ஐஞ்சு மட்டும் பொழுதுபட வாசலுக்கு வந்து எங்களையே பாத்துக்கொண்டு நிக்கும். அப்பு கடல் மனுசன், மாட்டைப் பற்றி ஒரு அறுப்பும் தெரியாது. ஆனா சொன்னவர், கடலிலை ஆற்றையோ வலை அறுந்து மிதந்து வந்தால் நாங்கள் என்ன செய்யிறது? கரையிலை காயப்போட்டு வைக்கிறம். பட்ட மீன் எங்களுக்கு, வலை உரிய ஆளுக்கு. அது மாதிரித்தான் இதுவும். பால் எங்களுக்கு, மாடும் கண்டும் உரிய ஆளுக்கு."

"அதுக்குக் குறியும் சுட்டவரோ?"

"பின்னை? குறி இல்லாட்டி உரிய ஆள் வந்து எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? தாய்க்கு இருக்கிற குறியைப் பாத்துப் பாத்துக் கண்டுக்குப் போட்டவர். பழைய குடைக் கம்பியைக் காய்ச்சித்தான். அவர் போன பிறகு நான் அப்பிடியே போடுறன். நான் கேட்டன், இடப்பக்கம் ஒரு கை குறையுது, சேர்த்து விடுவமே எண்டு. சத்தம் போட்டார். அடுத்தவன்ர குறியைத் திருத்த நீ ஆர் எண்டு."

குறிக்கம்பி ஒருவர் கையிலும் இருக்கவில்லை. முறிந்த கையை முறிந்தபடியே, தலைமுறை தலைமுறையாகக் கன்றுகளின் தொடையில் வரைந்து வந்திருக்கிறார், எங்களைக் கண்டிராத ஒரு மீனவர்.

"பாதர் ஒருக்கா வந்து கேட்டவர், வேதக்காரர் வீட்டு மாட்டுக்கு ஏன் சூலம் எண்டு. என்ர மாடெண்டால் சிலுவை போடுவன் பாதர் எண்டார் அப்பு." பிலோமினா சிரித்தார். பிறகு ஏதோ யோசித்தவர் போலச் சொன்னார். "உங்கட ஐஞ்சிலையும் ஒரு புதினமான விசயம் இருந்தது அக்கா. மற்ற மாடுகளின்ர கழுத்திலை கயிறு இருந்தது. இழுத்து அறுத்ததோ, ஓடுற அவசரத்திலை ஆக்கள் வெட்டி விட்டதோ, கழுத்தோட கிடந்தது. அது வளர வளர இறுகிப் புண்ணாகிப் புழுவும் பிடிச்சுது. அப்பு கத்தியோட திரிஞ்சு ஒண்டொண்டா வெட்டி எடுத்தவர். உங்கட ஐஞ்சுக்கும் கயிறே இல்லை."

"அறுந்த துண்டும் இல்லையோ? வடிவா யோசிச்சுச் சொல்லும்."

"ஒரு தும்பும் இல்லை. கழுத்திலை தழும்பும் இல்லை. அப்பு அதைச் சொல்லிச் சொல்லி இருப்பார். உரிய ஆள் பக்கத்திலை நிண்டு, முடிச்சு முடிச்சா அவிட்டு, கழுத்தாலை கழட்டித்தான் விட்டிருக்கிறான், அந்தச் செல்லடிக்கையும் அவசரப்படேல்லை எண்டு."

எனக்குத் தெரியும் அந்த முடிச்சுகள். நான் போட்டவை. இறுக்கித்தான் போட்டேன், ஐந்தும். அவற்றை அவிழ்க்க நேரம் எடுத்திருக்கும். அவர் போய்ச் சேர்ந்திருக்கிறார். முறுக்கிய கம்பியைப் பிரித்துப் படலையைத் திறந்திருக்கிறார். நான் அனுப்பிய வேலையைக் கடைசி முடிச்சுவரை செய்திருக்கிறார். புட்டுக் கோப்பைக்குள் கண்ணீர் விழ விழ நான் பெரிதாக அழுதேன். பிலோமினா தடுக்கவில்லை, முதுகைத் தடவிக்கொண்டு பக்கத்தில் இருந்தார்.

பொழுதுபட மாடுகள் வந்தன. வெள்ளையாய் வெடித்துக் கிடந்த அந்த வெளிக்குள்ளால் ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல் வந்தன. முதலில் புழுதி தெரிந்தது, பிறகு கொம்புகள். புல்லென்று ஒரு நூல் இல்லாத நிலத்தில் இவை எதைத் தின்று இப்படி மினுங்குகின்றன? கடல் தாவரத்தையும் பனையோலையையும் தின்னுமாம். பாதி வெட்டிய பீப்பாய்களில் ரவி திரும்பி வந்து ஊற்றிய தண்ணீரை மூச்சு விடாமல் உறிஞ்சின. கன்றுகள் தாய்களுக்கு நடுவில் தலையை நுழைத்தன. இருபத்தாறு உருப்படி. புதிதாய்ப் பிறந்த ஒன்றைத் தவிர எல்லாவற்றின் தொடையிலும் அந்த இரண்டு கைச் சூலம். நான் நடுவில் போய் நின்றேன். ஒன்று என் சேலைத் தலைப்பை மோந்து, தும்மியது. எனக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது, கும்பிட்டேன்.

"இனி என்ன அக்கா?" என்றார் பிலோமினா. "உரிய ஆள் வந்திட்டியள். உங்கட மாட்டைக் கொண்டுபோங்கோ."

"எங்கை, நோர்வேக்கோ? விமானத்திலை யன்னல் ஓரமாச் சீற் எடுத்தோ?"

அவர் சிரிக்கவில்லை. நான் அவருடைய கையைப் பிடித்தேன். "பிலோமினா, உமக்கே தாறன். புதுக் கண்டுக்குச் சிலுவையைப் போடும்."

"அப்பிடி வாயாலை சொன்னால் சரிவராது. நாளைக்கு உங்கட மகன் வந்து கேட்டால் நான் என்ன சொல்லுறது? முறைப்படி தாங்கோ. மாடு குடுக்கிற ஆள் கழுத்துக் கயிற்றைக் கழட்டித் தான் எடுத்துக்கொண்டெல்லோ மாட்டைக் குடுக்கிறது? சரவணையாக்கள் உங்களுக்கு நான் சொல்லித் தரவேணுமே? கயிறெடுக்காமல் மாடு குடுக்கிறதே?" என்றவர், மாடுகளைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குழம்பினார். "இதுகளுக்குக் கயிறும் இல்லை. பொறுங்கோ, ரவியிட்டை ஐஞ்சு முழம் வாங்கி ஒண்டுக்கெண்டாலும் கட்டுவம். நீங்கள் கழட்டுங்கோ."

அவர் ரவியைக் கூப்பிட வாயெடுத்தார். நான் அவரைத் தடுத்தேன்.

"வேண்டாம் பிலோமினா. கயிறு எடுத்தாச்சு. அண்டைக்கே அவர் எடுத்திட்டார்."